எரிகாயப் பராமரிப்பில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

நெல் அவிக்கிற கொதிதண்ணீரோ கஞ்சியோ மேலில் பட்டதும் முதலில் தேடுவது பற்பசையைத்தான். பற்பசையும் தேங்காயெண்ணெயும் முட்டை வெள்ளைக்கருவும் சூட்டை இழுக்காது. காயம் எவ்வளவு ஆழம் என்பதை மறைத்துவிடும். பிறகு வைத்தியசாலையில் அதைக் கழுவி எடுக்கும்போது நோயாளிக்கு இன்னொரு வலி.

வேண்டியது தண்ணீர் மட்டுமே, 20 நிமிடம். குழாய் இல்லையென்றால் கிணற்றுத் தண்ணீரை அள்ளி மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். காயம் பட்டு 3 மணித்தியாலம் வரை இதற்குப் பலன் உண்டு. ஐஸ் வைக்கக் கூடாது. இரத்தக் குழாய்கள் சுருங்கி, தப்பியிருக்கும் தோலும் பழுதாகும். குழந்தையென்றால் காயத்துக்கு மட்டும் தண்ணீர், மற்ற உடம்புக்குப் போர்வை. மோதிரம், காப்பு, அரைஞாண் எல்லாவற்றையும் வீக்கம் வருமுன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய உடுப்பை இழுக்காமல் சுற்றிவர வெட்டிவிடுங்கள்.

வலியில்லை என்பதற்காகச் சின்னக் காயம் என்று எண்ணாதீர்கள். வெள்ளையாகவோ பதனிட்ட தோல் போலவோ இருந்து நோகாத காயம்தான் ஆழமானது. முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு, மின்சாரம், கைக்குழந்தை என்றால் அளவு பார்க்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். கிழக்கிலங்கையில் வாகரை, பொத்துவில் போலத் தூரமான இடங்களில் இதில் தாமதிக்கவே கூடாது. சுட்டது எத்தனை மணிக்கு என்பதையும் சரியாகச் சொல்லுங்கள். பெரிய எரிகாயத்துக்கு 24 மணித்தியாலத்தில் ஏற்றும் சேலைனில் பாதியை முதல் 8 மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும். அந்த 8 மணித்தியாலம் காயம் பட்ட நேரத்திலிருந்து எண்ணப்படுவது, வார்டுக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல.

காயம் ஆறும் நாட்களில் நடக்கும் தவறுகள்தான் ஆளை ஊனமாக்குகின்றன. கழுத்து வெந்தவருக்குச் சுகமாக இருக்கட்டும் என்று தலையணை வைப்பார்கள். நாடி நெஞ்சோடு குனிந்த நிலையிலேயே தோல் ஆறி இறுகிவிடும். பிறகு வானத்தை அண்ணாந்து பார்க்க முடியாது. தலையணையை எடுத்துவிட்டுத் தோளுக்குக் கீழே மடித்த துவாயை வையுங்கள். அக்குள் வெந்தால் கையை உடம்போடு ஒட்ட விடாமல் விரித்து வையுங்கள். முழங்காலின் பின்புறம் வெந்தால் காலை நீட்டி வையுங்கள். விரல் ஒவ்வொன்றுக்கும் இடையில் கோஸ் துணி வைத்துத் தனித்தனியாகக் கட்டுங்கள், சேர்த்துக் கட்டினால் விரல்கள் ஒட்டிக்கொள்ளும். நோயாளிக்குச் சுகமான நிலை பெரும்பாலும் பிழையான நிலை. இதை வீட்டாருக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மருந்து கட்டுவதற்கு அரை மணித்தியாலம் முன்பே வலிநிவாரணி கொடுங்கள். ஒட்டிய கட்டைச் சேலைனில் ஊறவிட்டுக் கழற்றுங்கள்; காய்ந்தபடி பிய்த்தால் புதிதாக முளைத்த தோலும் கூடவே வரும். கொப்புளத்தை வீட்டில் உடைக்க வேண்டாம். ஏற்புவலி (டெட்டனஸ்) ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள்.

சாப்பாட்டில் எங்கள் பக்கத்துப் பெரிய தவறு, கிரந்தி (அரிப்பையும் புண்ணையும் கூட்டும் உணவு) என்று சொல்லி மீனையும் முட்டையையும் நிறுத்துவது. வெந்த உடம்புக்குப் புதுத் தோல் கட்டப் புரதம் வழமையைவிடக் கூடுதலாகத் தேவை. முன்பு சாப்பிட்டு ஒவ்வாமை வந்த உணவை மட்டும் விலக்குங்கள். வாவி மீன், முட்டை, பருப்பு, தயிர் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். ஆறிய தோல் அரிக்கும். அது சாப்பாட்டால் வருவதல்ல. வாசனையில்லாத கிறீமை மெல்லத் தடவி, பருத்தி உடுப்பு உடுத்தி, ஒரு வருடத்துக்காவது அந்த இடத்தில் வெயில் படாமல் மூடி வையுங்கள்.