சினை ஆட்டுக்குத் தாதுச்சத்து: தழையும் தவிடும் கொடுக்கும் முறை

வெள்ளாடு வளர்க்கப் புதிதாக இறங்கியவர்கள், ஆடு சினையானதும் முதலில் விசாரிப்பது கால்சியம் டானிக்கைத்தான். டானிக் கூடாது என்று சொல்ல வரவில்லை. வரப்பில் அகத்தி தழைத்து நிற்கும்போது பாட்டிலில் ஆரம்பிப்பது வீண் செலவு, அவ்வளவுதான்.

படி 1: நாளைக் குறித்து வையுங்கள்

ஆட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். ஜனவரி 1-ஆம் தேதி கிடாய் சேர்ந்திருந்தால் மே கடைசியில் குட்டி போடும். வயிற்றுக் குட்டியின் எடையில் பெரும்பகுதி கடைசி 50 நாளில்தான் ஏறுகிறது, எலும்பும் அப்போதுதான் இறுகுகிறது. ஆக, ஏப்ரல் இரண்டாவது வாரத்திலிருந்து தீவனத்தைக் கூட்ட வேண்டும். அதுவரை நல்ல மேய்ச்சலே பெரும்பாலும் போதும்.

படி 2: கால்சியத்துக்குத் தழை

அகத்தி, முருங்கை, கல்யாண முருங்கை, வேலிமசால் என்கிற தீவனச் செடி. இந்த நான்கில் குறைந்தது இரண்டு கைவசம் இருக்கட்டும். 30 கிலோ ஆட்டுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 கிலோ பசுந்தீவனம் பிடிக்கும். அதில் மூன்றில் ஒரு பங்காவது இந்தத் தழையாக இருந்தால் நல்லது, மீதி புல்லோ சோளத்தட்டையோ இருக்கலாம்.

காலையில் வெட்டி, நிழலில் வாடவிட்டு, மாலையில் கொடுங்கள். ஈரத்தோடு நிறையத் தின்றால் வயிறு உப்பும். தரையில் போடாமல் கொப்பாகக் கட்டி, ஆடு தலையை நிமிர்த்திக் கடிக்கும் உயரத்தில் தொங்கவிடுங்கள். மிதித்த தழையை ஆடு முகர்ந்துகூடப் பார்க்காது.

சவுண்டல் என்கிற சூபாபுல் மலிவாகக் கிடைக்கும், சத்தும் உண்டு. ஆனால் அதிலுள்ள மைமோசின் என்ற நச்சுப்பொருள் மிகுந்தால் முடி கொட்டும், கழுத்துக் கழலையும் வரலாம். சினை ஆட்டுக்கு மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

படி 3: பாஸ்பரசுக்குத் தவிடு

பலர் கோட்டை விடுவது இங்கேதான். தழையில் கால்சியம் நிறைய, பாஸ்பரஸ் குறைவு. தவிட்டில் நேர் எதிர். கால்சியமும் பாஸ்பரஸும் கிட்டத்தட்ட 2:1 என்ற அளவில் சேர்ந்தால்தான் எலும்புக்குப் போகும். ஆடு சுவரை நக்குகிறதா, குப்பையில் கிடக்கும் எலும்பைக் கடைவாயில் ஒதுக்கி மென்றுகொண்டே நிற்கிறதா? பாஸ்பரஸோ உப்போ குறைகிறது என்று சந்தேகப்படலாம்.

10 கிலோ கலவைக்கு: உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ, கோதுமைத் தவிடு 3 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 2 கிலோ, துவரம் பொட்டு அல்லது உளுந்தம் பொட்டு 1 கிலோ. இதோடு அயோடின் கலந்த உப்பு 100 கிராம்.

முதல் நாள் ஒரு கைப்பிடி வையுங்கள். பத்து நாளில் மெல்ல மெல்ல 250 கிராமுக்குக் கொண்டுவந்து, காலை, மாலை எனப் பிரித்து வையுங்கள். கன்னி ஆடு மாதிரி இரட்டைக் குட்டி போடும் இனத்தில் குட்டிகளே வயிற்றை அடைத்துக்கொள்ளும், ஒரே வேளையில் நிறையத் தின்ன முடியாது. அதற்கு மூன்று வேளையாகப் பிரிக்கலாம். கிடாய்க்குட்டிகளை இந்தத் தொட்டிப் பக்கம் விடாதீர்கள். தவிடு மிகுந்தால் அவற்றுக்குச் சிறுநீரில் கல் அடைக்கும்.

படி 4: தழையால் ஈடுகட்ட முடியாதவை

அயோடின் குறைந்தால் குட்டி கழுத்து வீங்கியோ முடியில்லாமலோ பிறக்கும். தாமிரம் குறைந்தால் குட்டிக்குப் பின்னங்கால் தள்ளாடும். மண்ணிலேயே இவை இல்லாத இடத்தில் தழையிலும் இருக்காது. அதனால் 10 கிலோ கலவைக்கு 200 கிராம் தாது உப்புக் கலவையும் சேர்த்துவிடுவேன். முழுக்க இயற்கைதான் என்று பிடிவாதம் பிடித்து குட்டியை இழப்பதில் அர்த்தமில்லை. வெள்ளாட்டுக்கான தாது உப்பைச் செம்மறிக்கு மட்டும் வைத்துவிடாதீர்கள், அதிலுள்ள தாமிரத்தை அது தாங்காது.

படி 5: விலக்க வேண்டியவை

இளஞ்சோளப் பயிர், பச்சை மரவள்ளி இலை இரண்டிலும் சயனைடு நஞ்சு உண்டு. முட்டைக்கோஸ் இலையை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினால் அயோடின் உடம்பில் சேராது. வெறும் வைக்கோலை நம்பியும் இருக்க வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

குட்டி போடும் நாள் நெருங்கும்போது ஆடு தீவனத்தை ஒதுக்கினாலோ, நடுங்கினாலோ, படுத்து எழ முடியாமல் கிடந்தாலோ தழையை நீட்டிக்கொண்டிருக்காதீர்கள். கால்சியமோ குளுக்கோஸோ ஊசியில் ஏற்ற வேண்டியிருக்கும், உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நல்லபடியாகக் குட்டி போட்டுவிட்டால், பால் சுரக்கவும் கால்சியம் வேண்டும் என்பதால் இதே தீவனம் தொடரட்டும்.