கூம்பு செல் அடர்த்தி: அளவை நம்பத் தகுந்ததாக்கும் வழி

ஒரு சதுர மில்லிமீட்டர் விழித்திரையில் எத்தனை கூம்பு செல்கள் (பகல் வெளிச்சத்திலும் நிறத்திலும் பார்க்க உதவும் ஒளியுணர் செல்கள்) என்பதை, அடாப்டிவ் ஆப்டிக்ஸ் லேசர் ஸ்கேனர் (கண்ணின் ஒளிப்பிறழ்வுகளைத் திருத்திப் படமெடுக்கும் கருவி) படத்திலிருந்து எண்ணிவிடலாம். எண்ணும் மென்பொருள் எவ்வளவு துல்லியமானது என்பதுதான் பலருடைய கவலை. பெரிய பிழைகள் நுழைவதோ அதற்கு முன்பு.

முதலில் அளவுகோல். 24 மி.மீ. நீளமுள்ள கண்ணில் பார்வைக் கோணத்தின் ஒரு டிகிரி என்பது விழித்திரையில் ஏறத்தாழ 291 மைக்ரான். 26 மி.மீ. நீளமுள்ள கிட்டப்பார்வைக் கண்ணில் அது சுமார் 315. பரப்பு இருமடி விகிதத்தில் மாறுவதால், அந்தக் கண்ணுக்கும் 291-ஐயே போட்டால் அடர்த்தி 17 சதவீதம் கூடுதலாக வரும். எனவே ஒவ்வொரு கண்ணின் நீளத்தையும் பயோமீட்டரில் (கண் நீளத்தை அளக்கும் கருவி) அளந்து, 291-ஐ அந்த நீளத்தால் பெருக்கி 24-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். லேசர் கற்றையை இருபுறமும் ஊசலாட்டும் ஒத்ததிர்வு ஸ்கேனர் ஓரங்களில் மெதுவாக நகர்வதால் அங்கே படம் இழுபட்டிருக்கும். மாதிரிக் கண்ணில் இடைவெளி தெரிந்த கோட்டுத் தகட்டை வைத்துப் படமெடுத்து, அந்தக் கோணலை நேராக்கிய பிறகே எண்ண வேண்டும்.

அடுத்தது பாப்பா, அதாவது ஒளி கண்ணுக்குள் நுழையும் துளை. சொட்டுமருந்திட்டு நன்றாக விரியவையுங்கள். 790 நானோமீட்டர் ஒளியில், 7.5 மி.மீ. பாப்பா வழியாகக் கிடைக்கும் பிரிதிறன் 2 மைக்ரானுக்குச் சற்றே மேல். ஃபோவியாவில், அதாவது விழித்திரையின் நடுக்குழியில், அடர்த்தி உச்சத்தை எட்டும் இடத்தில் சராசரி சதுர மில்லிமீட்டருக்கு 1,99,000 என்று 1990-இல் குர்சியோ குழு தானக் கண்களில் எண்ணியது. அங்கே செல்களுக்கு இடையிலான தூரம் சுமார் 2.4 மைக்ரான்தான். ஆளுக்கு ஆள் அந்த உச்சி ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சத்துக்கு மேல் வரை மாறுகிறது. அடர்த்தி மிகுந்த கண்ணில் உச்சியை எண்ண முற்பட்டால், ஒட்டிக் கிடக்கும் இரண்டு செல்கள் ஒன்றாகத் தெரிந்து எண்ணிக்கை குறையும்.

வீடியோவின் ஒரே ஃபிரேமை நம்பாதீர்கள். கண் அசைந்தபடியே இருக்கும். அடிப்படையாக எடுக்கும் ஃபிரேமிலேயே அசைவு இருந்தால், மற்ற ஃபிரேம்களை அதோடு பொருத்திச் சராசரி எடுத்தாலும் கோணல் அப்படியே தங்கிவிடும். அசைவு குறைந்த ஃபிரேமைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

எண்ணும் கட்டம் எங்கே இருக்கிறது என்பதும் முடிவை மாற்றும். நோயாளி உற்றுப் பார்க்கும் புள்ளியும் அடர்த்தியின் உச்சியும் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. எதை மையமாகக் கொண்டீர்கள் என்று எழுதிவையுங்கள். அடுத்த வருகையில் ரத்தக்குழாய்களையும் செல் அமைப்பையும் பொருத்தி அதே இடத்துக்கு வாருங்கள். ஃபோவியா அருகே அடர்த்தி செங்குத்தாகச் சரிவதால், சிறு விலகலும் நோய் முற்றியதுபோல் காட்டிவிடும்.

அடர்த்தி 20,000 உள்ள இடத்தில் 50 மைக்ரான் கட்டத்துக்குள் சுமார் 50 செல்கள்தான் இருக்கும். அவற்றில் ஏறக்குறைய பாதி விளிம்பை ஒட்டியவை. வொரனாய் எல்லை (மற்ற எந்தச் செல்லையும்விட அந்தச் செல்லுக்கு அருகிலுள்ள பரப்பின் எல்லை) முழுவதும் கட்டத்துக்குள் அடங்கிய செல்களை மட்டும் எண்ணி, அவற்றின் மொத்தப் பரப்பால் வகுப்பதே மேல்.

இருண்ட இடமெல்லாம் செல் இறந்த இடம் அல்ல. கூம்பு செல்லின் பிரகாசம் நேரத்துக்கு நேரம் மாறும். ஒளி பாப்பாவின் எந்தப் பகுதி வழியாக நுழைகிறது என்பதைப் பொறுத்தும் மாறும். வெளிக்கண்டம் (ஒளியை உணரும் நுனிப் பகுதி) சிதைந்த செல், நேராகத் திரும்பிவரும் ஒளியைப் பதியும் கன்ஃபோக்கல் படத்தில் மறைந்துவிடும்; உள்கண்டம் (அதற்கு அடுத்த பகுதி) மிஞ்சியிருந்தால், சிதறிய ஒளியைப் பதியும் ஸ்ப்ளிட் டிடெக்டர் படத்தில் தெரியும். நிறமி விழித்திரை நோய், ஸ்டார்கார்ட் போன்ற பரம்பரை விழித்திரை நோய்களில் இரண்டையும் ஒரே நேரத்தில் பதிவு செய்து ஒப்பிட வேண்டும். கன்ஃபோக்கல் படத்தை மட்டும் வைத்து "இத்தனை சதவீதம் இழப்பு" என்று எழுதுவது நோயாளிக்கு அநீதி. மையத்தைவிட்டு விலகிய பகுதியில் குச்சி செல்களை (மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் செல்கள்) கூம்பு என்று எண்ணும் எதிர்ப் பிழையும் நேரும். அங்கே மென்பொருளின் குறிகளை மனிதர் ஒருவர் சரிபார்த்தே ஆக வேண்டும்.

கடைசியாக, மீள்திறன்: மறுபடி அளந்தாலும் அதே அளவு வருகிறதா என்பது. ஒரே படத்தை இருவர் எண்ணி ஒத்துப்போவது எண்ணுபவர்களைப் பற்றி மட்டுமே சொல்லும். கண்ணை மறுபடி படமெடுத்தும் எண்ண வேண்டும். ஒவ்வொரு கண்ணின் இரு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தை இருமடியாக்கி, எல்லாக் கண்களுக்கும் சராசரி எடுத்து, இரண்டால் வகுத்து வர்க்கமூலம் காணுங்கள். அதை 2.77-ஆல் பெருக்கினால் மீள்திறன் எல்லை கிடைக்கும். வர்க்கமூலம் 3 சதவீதமாக வந்தால் எல்லை 8.3 சதவீதம், அதற்குள் அடங்கும் மாற்றத்தை நோய் வளர்ச்சி என்று சொல்ல முடியாது. உள்வகுப்புத் தொடர்புக் கெழு (மறு அளவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை ஆட்களுக்கு இடையிலான வேறுபாட்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) 0.95 என்று மட்டும் அறிக்கையில் போடுவது போதாது, ஏனெனில் ஆட்களுக்கு இடையே அடர்த்தி பெரிதும் வேறுபட்டாலே அந்தக் கெழு உயர்ந்துவிடும். எல்லையை ஆரோக்கியமான கண்களுக்கும் நோயுள்ள கண்களுக்கும் தனித்தனியே கணக்கிடுங்கள்; நோயுள்ள கண்ணில் பார்வை நிலைகொள்ளாமல் அலைவதால் அது பெரும்பாலும் அகலமாகவே வரும்.