வன்னிக்குப் போறவைக்கு: கமராவை முதல்ல உங்கட வளவுக்குள்ள திருப்புங்கோ

லீவில ஊருக்குப் போற கனபேர் மிருகம் பாக்க எண்டு வில்பத்துக்கு ஜீப் பிடிச்சு ஒரு நாளைச் செலவழிக்கினம், ஆனா எங்கட சித்தப்பாவின்ர வயல் முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கு, போனமுறை மூண்டு கிழமை அங்க நிண்டனான், வாய்க்கால் வரம்பில இருந்து எடுத்த மாதிரிப் படங்கள் எனக்கு வேற எங்கயும் கிடைக்கேல்லை.

கமரா பையைத் திறக்க முதல் வயல் பாக்கிறவையோட ஒரு தேத்தண்ணி குடிச்சுக் கதையுங்கோ. எந்தப் பக்கத்தால பன்றி இறங்குது, எந்தப் பனையில தூக்கணாங்குருவி கூடு கட்டியிருக்கு, உடும்பு எந்தப் புத்துக்குள்ள போகுது எல்லாம் அவைக்குத் தெரியும். முக்கியமா கட்டுத்துவக்கு (மிருகம் கம்பியில தட்டினா தானா வெடிக்கிற துவக்கு) எங்கயும் கட்டியிருக்கோ, பன்றிக்குக் கரண்ட் கம்பி இழுத்திருக்கோ எண்டு கேளுங்கோ. ரெண்டும் சட்டவிரோதம்தான், ஆனாலும் சில இடங்களில வைக்கினம், அதால ஆக்களும் செத்திருக்கினம். அதால இருட்டினாப் பிறகு பத்தைக்குள்ள இறங்கவே வேண்டாம். சிவப்புப் போர்ட்டில மண்டையோடு கீறியிருந்தா அது மிதிவெடி, ஒரு அடியும் உள்ள வைக்காதேங்கோ, போர்ட் இல்லாத இடத்திலயும் சனம் நடந்து பழகின பாதையாலயே போங்கோ.

பிள்ளையளின்ர பள்ளிக்கூட லீவு ஆடி ஆவணியில எண்டால் அங்க நல்ல வறட்சி, குளமெல்லாம் வத்திக் கிடக்கும். படம் எடுக்க அது நல்லது, மிச்சத் தண்ணி நிக்கிற இடத்துக்குத்தானே எல்லாம் வரவேணும். ஆனி, ஆடி பாலைப்பழக் காலம், இருவாட்சியும் குரங்கும் பழத்துக்கு வரும், ஆனா கரடிக்கும் அந்தப் பழத்தில உயிர், காட்டுக்கரை மரத்தடிக்குத் தனியப் போகாதேங்கோ. மார்கழி, தையில போனா குளங்கள் நிரம்பியிருக்கும், வலசை வந்த பறவையளும் நிக்கும், ஒரு நாள் எடுத்துச் சுண்டிக்குளம் களப்புக்குப் போனா பூநாரை பாக்கவும் வாய்ப்பிருக்கு.

விடிய 6 மணிக்கு முதல் போய் வரம்பில இருந்திடுங்கோ. ஆட்காட்டிக் குருவி உங்களைக் கண்ட உடன கத்தி ஊரைக் கூட்டும், எழும்பிப் போகாம அப்பிடியே ஆடாம அசையாம இருங்கோ, கொஞ்ச நேரத்தில அது அடங்கும், அது அடங்கினாத்தான் மற்றதெல்லாம் வெளிய வரும். பச்சை வயலில வெள்ளைக் கொக்கு எடுக்கேக்க எக்ஸ்போஷரை ஒரு ஸ்டொப் குறையுங்கோ, அதாவது கமராவுக்குள்ள போற வெளிச்சத்தைப் பாதியாக்குங்கோ, இல்லாட்டி சிறகு முழுக்க வெளிறிப் போயிடும். 300 எம்எம் லென்ஸ் காணும். 9 மணிக்குப் பிறகு வெக்கையில நிலமே அலையடிக்கும், படம் கூரா வராது, வீட்ட வந்து சாப்பிடுங்கோ.

இரவில முற்றத்து மரத்தில ரெண்டு கண் சிவப்பா மினுங்கினா அது தேவாங்கா இருக்கலாம். பிளாஷ் அடிக்காதேங்கோ, ரோச்சுக்குச் சிவப்புக் கடதாசி சுத்திப் பாருங்கோ. தேவாங்கு, அழுங்கு (செதில் போர்த்த எறும்புதின்னி), நட்சத்திர ஆமை கண்டா இடத்தின்ர பேரை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, பேஸ்புக்கில போடேக்க லொக்கேஷனை எடுத்துவிடுங்கோ, பிடிக்கிறவையும் அதைத்தான் பாக்கினம். இதை மட்டும் தயவுசெய்து கவனியுங்கோ.

யானை நிண்டா படத்தை விடுங்கோ, திரும்பி வாங்கோ. காலுக்குச் சப்பாத்து கட்டாயம், வைக்கல் குவியலுக்க புடையன் பாம்பு கிடக்கும். கடிச்சா வெட்டிறது, இறுக்கிக் கட்டுறது ஒண்டும் வேண்டாம், காலை ஆட்டாம 1990 அம்புலன்சுக்கு அடிச்சு உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

திரும்பி வர முதல் ரெண்டு படத்தைக் கழுவி வயல் பாக்கிறவைக்குக் குடுங்கோ. நான் குடுத்த கொண்டலாத்திப் படம் அந்த அண்ணையின்ர கொட்டிலில தொங்குது, இப்ப வயலுக்க என்ன வந்தாலும் வட்ஸ்அப்பில எனக்கு வொயிஸ் வரும். நேற்று வந்தது: "தண்ணி இறங்கிட்டுது தம்பி, கொக்கு வரத் துடங்கிட்டுது."