தேய்ந்த ரோமக் காசு சேர்க்கலாம் வாங்க: மலையகத்தில் தொடங்குபவர்களுக்கு

என் பெட்டியில் இருக்கும் ரோமக் காசுகளில் ஒன்றுகூடப் பளபளக்காது. தலவாக்கலைக்கு என்னைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள், "இதென்ன, பழைய சட்டைப் பொத்தானா?" என்றுதான் கேட்பார்கள். நான் வேண்டுமென்றேதான் இப்படிச் சேர்க்கிறேன். எண்ணிக்கையில் குறைவாக அடிக்கப்பட்ட காசு தேய்ந்து போனாலும் அரிய காசுதான், விலை மட்டும் இறங்கிவிடும். மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

முதலில் எங்கே வாங்குவது என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் இலங்கையில் ரோமச் செப்புக் காசுகள் மண்ணுக்குள் நிறையவே கிடைத்திருக்கின்றன. சீகிரியாவிலும் மாத்தறைப் பக்கத்திலும் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே அடித்த போலிகளும் உண்டு. அதற்காக மண்வெட்டியைத் தூக்கக்கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்தைய பொருள் இங்கே நிலத்தில் கிடைத்தால் அறிவிக்க வேண்டும், எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. அந்தத் தேதி கண்டி ஒப்பந்தத் தேதி என்பதை நம் ஆட்கள் பலர் கவனிப்பதில்லை. ஆகவே வெளிநாட்டில் பெயர் எடுத்த வியாபாரிகளிடம் பில்லோடு வாங்குங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். "தேயிலைக்குக் குழி வெட்டும்போது கிடைச்சது" என்று யாராவது காதில் சொன்னால் நடையைக் கட்டுங்கள். அவர் சொல்வது உண்மையென்றால் சட்டச் சிக்கல், பொய்யென்றால் போலிக் காசு.

போலி பற்றி ஒரு வரி: விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடு தெரிந்தாலோ, மேற்பரப்பு சோப்புக்கட்டி போல வழவழவென்று சின்னக் குமிழ்களோடு இருந்தாலோ வேண்டாம்.

அப்புறம் எதை வாங்குவது? இதில்தான் ஆரம்பத்தில் நான் நிறையச் சல்லியை வீணாக்கினேன். பெயர் தேய்ந்தால் அடையாளமே போய்விடும் வகைகளைத் தவிருங்கள். படத்தை வைத்தே ஆளைச் சொல்லக்கூடிய வகைகளைத் தேடுங்கள். கொன்ஸ்தாந்தீன் பேரரசரின் அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவர் அனிபாலியானுஸ். 335இலிருந்து 337 வரைதான் அவருக்கு அரச பட்டம். கொன்ஸ்தாந்திநோப்பிள் என்ற ஒரே ஊரில்தான் அவருக்குக் காசு அடித்தார்கள். முன்பக்கத்தில் தலையில் எதுவும் இல்லாத முகம், பின்பக்கத்தில் சாய்ந்து படுத்திருக்கும் நதித் தெய்வம். எழுத்து முழுவதும் அழிந்திருந்தாலும் அந்தப் படுத்த உருவம் காட்டிக் கொடுத்துவிடும். தேய்ந்ததும் மலிவு என்று சொல்லமாட்டேன், ஆனாலும் நல்ல நிலையில் உள்ளதை வாங்கும் சல்லியில் ஒரு பங்குதான் போகும்.

கை குறைவாக இருந்தால் இன்னொரு விளையாட்டு இருக்கிறது, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். இரண்டு சிப்பாய்கள், நடுவில் ஒரு கொடிக்கம்பம் உள்ள சின்னச் செப்புக் காசுகள் 335க்குப் பிறகு ஏராளமாக அடிக்கப்பட்டன. அதற்கு முன்னால் வந்ததில் கொடிக்கம்பம் இரண்டு. வியாபாரிகள் இந்த வகையைத் தரம் பிரிக்காமல் குவியலாக விற்பார்கள். அதில் பெரும்பாலும் கொன்ஸ்தாந்தீனும் அவருடைய மகன்களும்தான் இருப்பார்கள். ஆனால் எப்போதாவது தெல்மாத்தியுஸ் அகப்படுவார். அவர் அனிபாலியானுஸின் சகோதரர், 335இல் சீசர் என்ற இளைய அரசர் பட்டம் பெற்று 337இல் இருவரும் கொல்லப்பட்டார்கள். பெயர் பாதி அழிந்த காசில் அவரைப் பிடிப்பது எப்படி? கொன்ஸ்தாந்தீனின் மகன் கொன்ஸ்தான்தியுஸ், தெல்மாத்தியுஸ் இரண்டு பெயரும் டி, ஐ, வி, எஸ் (TIVS) என்ற நான்கு லத்தீன் எழுத்தில்தான் முடியும். அந்த டிக்கு முந்தைய எழுத்தைப் பாருங்கள். இரண்டு நேர்க்கோட்டை ஒரு சாய்கோடு இணைத்தால் அது 'என்' (N), அதாவது கொன்ஸ்தான்தியுஸ், சாதாரணக் காசு. கூடாரம் போல இரண்டு சாய்கோடு உச்சியில் சேர்ந்தால் அது 'ஏ' (A). அப்போது கையில் இருப்பது தெல்மாத்தியுஸ்!

இப்படிப் பார்க்கத் தேவையானது பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் வெளிச்சமும்தான். வெளிச்சத்தை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. காம்பராவின் விளக்கை அணைத்துவிட்டு, ஃபோன் டார்ச்சைக் காசின் மட்டம் வரை இறக்கிப் பக்கவாட்டில் பிடித்து, காசை மெதுவாகத் திருப்புங்கள். தேய்ந்த எழுத்தின் நிழல் ஒரு கோணத்தில் சட்டென்று எழும்பும். எழுத்து பொதுவாக முகத்தின் இடது கீழ்ப்பக்கத்தில் தொடங்கிக் கடிகார முள் போகும் திசையில் ஓடும். எடையும் குறுக்களவும் எடுத்த பிறகு, அமெரிக்க நாணயவியல் சங்கம் நடத்தும் 'ஓக்ரே' (OCRE) என்ற இலவச இணையப் பட்டியலில் அரசர் பெயர், பின்பக்க உருவம் இரண்டையும் கொடுத்துத் தேடுங்கள்.

சுத்தம் செய்வது பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. முதல் காசு வந்த அன்று, அம்மா குத்துவிளக்கு தேய்ப்பதைப் பார்த்த பழக்கத்தில் புளியைக் கரைத்து ஊறப்போட்டேன். மறுநாள் காலையில் செம்பு நிறத்தில் மின்னியது. முகமும் இல்லை, எழுத்தும் இல்லை. பழங்காசில் விவரம் எல்லாம் அந்தக் கருப்பச்சைப் படலத்தில்தான் தங்கியிருக்கும், புளிப்பு அதையே கரைத்துவிடும். புளி, எலுமிச்சை, வினாகிரி, பிராசோ எதுவுமே வேண்டாம். பெட்டரிக்கு ஊற்றும் வடித்த நீரில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றி, வாரக்கணக்கில் பொறுத்திருந்து, பல்குச்சியால் மண்ணை நெம்புங்கள். உலோக ஊசி வேண்டாம். பீலித் தண்ணீரும் வேண்டாம், அதில் என்ன உப்பு கரைந்திருக்கிறதென்று தெரியாது.

கடைசியாக, கொழும்பில் இருப்பவர்களைவிட நாம் அதிகம் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று. மழைக்காலத்தில் இங்கே உடுப்பு காய நாள் கணக்காகும், அதே ஈரம் காசையும் தின்னும். செம்பில் ஒட்டிய குளோரைட் ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து வெளிர்பச்சைத் தூளாகக் கிளம்பும். கெட்டியாக ஒட்டியிருக்கும் கரும்பச்சையால் ஆபத்தில்லை. குச்சியால் தொட்டதும் மாவாக உதிர்ந்து, துடைத்த இடத்தில் மறுபடியும் வந்தால் அதுதான் நோய். அந்தக் காசைத் தனியாக எடுத்து, மறுபடி வடித்த நீரில் ஊறவைத்து, நன்றாகக் காயவைத்து, கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

மற்றவற்றை இறுக்கமாக மூடும் டப்பாவில், புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கலாம். நெகிழ்ந்து வாசம் அடிக்கும் பிளாஸ்டிக் உறைகளுக்குள் போடாதீர்கள், நாளடைவில் பச்சைப் பிசுபிசுப்பு விடும். கெட்டி அட்டைச் சட்டம் போதும். அதன்மேல் எடை, குறுக்களவு, யாரிடம் எப்போது வாங்கியது என்று பென்சிலால் எழுதி, டப்பாவை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். நான் கொழுந்துச் சம்பளம் போடும் நாளில் திறப்பேன், அப்போதுதான் மறக்காது.