பாதியில் நின்ற கடற்கரைக் கட்டடம்: மறுமேம்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலோர நகரங்களில் எலும்புக்கூடாக நின்றுபோன அடுக்குமாடிக் கட்டடங்களைச் சோதித்து, அவற்றை முடிக்கலாமா இடிக்கலாமா என்று சொல்வது என் தொழில். பணம் கட்டிவிட்டு வீட்டுக்காகக் காத்திருப்பவர்களும், இடத்தைக் கொடுத்துவிட்டு வாடகை வீட்டில் காலம் தள்ளுபவர்களும், கட்டடத்தைப் புதிய பில்டரிடம் கொடுத்து முடிப்பதா இடித்துக் கட்டுவதா (இதைத்தான் மறுமேம்பாடு என்கிறோம்) என்று கூடிப் பேசும் கூட்டங்களில் நானும் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். அண்மைக் காலமாக அங்கே வரும் புதிய சங்க நிர்வாகிகளும், அவர்கள் அழைத்து வரும் இளம் பொறியாளர்களும், இத்துறையில் நாங்கள் தொடக்கத்தில் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கிறேன். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது, வாய்வார்த்தையை நம்பக் கூடாது என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். விவரம் தெரிந்தவர்களும் பொறுப்பானவர்களும்கூடச் சறுக்கும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

“இத்தனை வருடம் நிற்கிறதே” என்று எலும்புக்கூட்டை நம்புவது

எல்லாவற்றிலும் அதிகப் பணத்தை விழுங்குவது இந்தத் தவறுதான். இன்றும் ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் எழுந்து, “தூணும் தளமும் ஏற்கெனவே இருக்கின்றன, பாதி வேலை முடிந்த மாதிரிதான்” என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்த ஒரு வாக்கியத்தை அடித்தளமாக வைத்துத்தான் பில்டரின் சலுகை, கூடுதல் தளங்கள், ஒவ்வொருவருக்கும் கிடைக்கப்போகும் சதுர அடி என்று மீதிக் கணக்கு முழுவதும் எழுப்பப்படுகிறது. எலும்புக்கூடு தேறாது என்று தெரியவந்தால் அந்தக் கணக்கு மொத்தமும் சரிந்துவிடும்.

ஒரு கட்டடம் பத்து ஆண்டுகள் வெறுமையாக நின்றது என்றால், அது தன் சொந்த எடையைத் தாங்கியது என்று மட்டுமே பொருள். சுவர்கள், தரைக்கல், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, மனிதர்கள், சாமான்கள் எதுவும் அதன் மேல் ஏறவில்லை. குடியிருப்புத் தளங்களுக்குப் பயன்பாட்டுச் சுமையாக மட்டும் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ வைத்து வடிவமைப்பது வழக்கம். அந்தச் சுமையை அந்தத் தளம் ஒரு நாள்கூடச் சந்தித்ததில்லை, அஸ்திவாரமும் சந்தித்ததில்லை. சென்னை மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் 2014 ஜூன் 28 அன்று இடிந்து 61 பேர் இறந்தார்கள். அதே வளாகத்தில் அதன் இணைக் கட்டடம் விழாமல் நின்றது. நின்றது என்பதற்காக யாரும் அதை நல்ல கட்டடம் என்று ஏற்றுக்கொள்ளவில்லை; 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

கடற்கரையில் இன்னொரு சேதமும் சேர்ந்துகொள்கிறது. காற்றில் வரும் உப்பிலுள்ள குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்குகிறது. அது கம்பியை எட்டும் அளவு ஒரு வரம்பைக் கடந்துவிட்டால், கம்பியைச் சுற்றியுள்ள பாதுகாப்புப் படலம் உடைந்து துரு தொடங்கிவிடும். இந்திய நெறிமுறையான ஐ.எஸ். 456, திறந்த கடலோரச் சூழலைக் கடுமையான வகையில் சேர்த்து, குறைந்தது எம் 30 தரக் கான்கிரீட்டும் 45 மில்லிமீட்டர் கவரும் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்) கேட்கிறது. உப்புக்காற்று படாமல் மறைந்திருக்கும் பகுதிகளுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. உள்தூண்களும் உள்பீம்களும் சுவர்களுக்குப் பின்னால் மறைந்திருக்கும் என்ற நம்பிக்கையில் குறைந்த கவரோடு போடப்பட்டவை. சுவர் எழும்பவே இல்லை என்பதால், அவை ஆண்டுக்கணக்கில் கடற்காற்றில் திறந்தபடி நிற்கின்றன. தான் வடிவமைக்கப்படாத ஒரு சூழலில் அந்தக் கட்டடம் இருந்திருக்கிறது.

ஒரு குடியிருப்போர் சங்கம் என்னை அழைத்தபோது, கட்டட உறுதிச் சான்று என்று ஓர் ஒற்றைத் தாளைக் கையில் கொடுத்தார்கள். அதில் இருந்தவை முழுவதும், கான்கிரீட்டில் அடித்து எதிர்த்துள்ளலை அளக்கும் ரீபவுண்ட் ஹாம்மர் என்ற கருவியின் எண்கள். எல்லாத் தூண்களும் வடிவமைப்பு வலிமையைவிட அதிகமாகவே காட்டின. அந்தக் கருவி அளப்பது மேற்பரப்பின் கடினத்தன்மையை. காற்றிலுள்ள கரியமில வாயு உறிஞ்சப்பட்டு மேற்பரப்பு காலப்போக்கில் இறுகுவதால், பழைய கான்கிரீட்டில் இந்த எண் உண்மை வலிமையைவிடக் கூடுதலாக வரும். கட்டடம் எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்ல எண் கிடைக்கும் ஒரு சோதனையை வைத்துக்கொண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் முடிவெடுக்க இருந்தார்கள்.

அன்று கடலைப் பார்த்த ஒரு தூணில் கவரை உளியால் கொத்தித் திறந்து, பினால்ப்தலின் கரைசலைத் தெளித்தோம். கான்கிரீட் உடனே இளஞ்சிவப்பாக மாறியது. கூட நின்றவர்கள் மகிழ்ந்துவிட்டார்கள்; காரத்தன்மை இருந்தால் சிவக்கும், அதனால் கம்பி பாதுகாப்பாக இருக்கிறது என்று அவர்களுடைய இளம் பொறியாளர் விளக்கவும் தொடங்கிவிட்டார். கரியமில வாயு உள்ளே இறங்கவில்லை என்பதற்கு அந்த நிறம் சான்று. குளோரைடைப் பற்றி அது எதுவும் சொல்லாது. கடற்கரையில் முதல் எதிரி குளோரைடுதான். அதே குழியை இன்னும் இரண்டு விரற்கடை ஆழப்படுத்தியபோது கம்பி தெரிந்தது. அதன் மேல் கறுப்பும் பச்சையும் கலந்த ஈரமான துரு படிந்திருந்தது. துடைத்துப் பார்த்தால் கம்பியின் ஒரு பக்கத்தில் ஆணி முனை நுழையும் அளவுக்குக் குழிகள் விழுந்திருந்தன. வெளியே தூணில் ஒரு விரிசல்கூட இல்லை. உயிர்வளி (ஆக்சிஜன்) குறைவாகக் கிடைக்கும் இடத்தில் குளோரைடு அரிப்பு இப்படித்தான் நடக்கும். சிவந்த துரு உப்பிக் கவரை உடைத்து எச்சரிப்பதற்கு முன்பே கம்பியின் குறுக்குப் பரப்பு குறைந்துவிடும்.

ஆகவே கேட்க வேண்டிய சோதனைகள் வேறு. வெவ்வேறு ஆழங்களில் துளையிட்டு எடுத்த தூளில் குளோரைடு அளவை ஆய்வகத்தில் பார்க்க வேண்டும்; கம்பி இருக்கும் ஆழத்தில் அது எவ்வளவு என்பதே முக்கியமான எண். கம்பியின் மின்னழுத்தத்தை வெளியிலிருந்து அளக்கும் அரை மின்கலச் சோதனையில், செம்பு சல்பேட் மின்முனையோடு ஒப்பிட்டு மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே இறங்கிய இடங்கள் அரிப்பு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்புள்ளவை என்று கொள்வது வழக்கம். வலிமைக்கு, கோர் (கான்கிரீட்டிலிருந்து குடைந்தெடுக்கும் உருளைத் துண்டு) வெட்டி எடுத்து நசுக்கிப் பார்ப்பதைவிட நம்பகமான வழி இல்லை. இவற்றைத் தரைத்தளத்தில் வசதியான நான்கு தூண்களில் மட்டும் செய்துவிட்டு வருவதும் பயனற்றது. கடலைப் பார்க்கும் முகம், மழைநீர் தேங்கிய தளங்கள், அடித்தளத் தூண்களின் அடிப்பகுதி, கடைசியாகப் போட்ட தளம் ஆகியவை கட்டாயம் பட்டியலில் இருக்க வேண்டும்.

மேல்தளத்தில் தூண்களிலிருந்து வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளைத் தனியாகப் பாருங்கள். அடுத்த தளத்தின் தூண் கம்பியோடு இணைப்பதற்காக விடப்பட்டவை அவை. உப்புக்காற்றில் பல ஆண்டுகள் நின்ற கம்பியை இரும்புப் பிரஷால் தேய்த்து, துருவை மாற்றும் ரசாயனம் தடவி, அப்படியே தொடரலாம் என்று ஒப்பந்ததாரர் சொல்வார். தேய்த்த பின் கம்பியின் விட்டத்தை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். கம்பியும் கான்கிரீட்டும் சந்திக்கும் கழுத்துப் பகுதியில் நீர் தேங்கி நிற்கும் என்பதால் அங்கேதான் மிக மோசமாக அரித்திருக்கும்; மேலே அளந்தால் போதாது.

ஒட்டுப்போட்டுச் சரிசெய்துவிடலாம் என்ற பேச்சும் வரும். உப்பேறிய கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை அகற்றாமல் மேலே புதிய கலவையைப் பூசினால், அந்த ஒட்டைச் சுற்றியுள்ள பழைய பகுதியில் அரிப்பு இன்னும் வேகமெடுக்கும். தூண்களைச் சுற்றிப் புதிய கம்பியும் கான்கிரீட்டும் சேர்த்து, அதாவது சட்டையிட்டு, வலுவூட்டலாம். ஆனால் ஒவ்வொரு தூணும் தடிக்கும்போது வண்டி நிறுத்தும் இடங்களின் அகலம் குறையும், அறைகளின் அளவு மாறும், வாக்குறுதி அளித்த சதுர அடி கிடைக்காது. இதோடு, பழைய எலும்புக்கூட்டின் மேல் கூடுதல் தளங்களை ஏற்றுவதுதான் பெரும்பாலான மறுமேம்பாட்டுத் திட்டங்களின் லாபமே. அந்தத் தூண்கள் குறைந்த தளங்களுக்காக, பழைய நெறிமுறையின்படி வடிவமைக்கப்பட்டவை. இந்தியாவின் நிலநடுக்க வடிவமைப்பு நெறிமுறையான ஐ.எஸ். 1893, 2002-இலும் 2016-இலும் திருத்தப்பட்டிருக்கிறது. இடையில் நின்றுபோன கட்டடம் எந்தப் பதிப்பின்படி வரையப்பட்டது என்று கேட்பவர் கூட்டத்தில் ஒருவர்கூட இருப்பதில்லை.

இந்தத் தவறு பணத்தை எப்படி விழுங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சோதனை கையெழுத்துக்குப் பின்னால் நடக்கிறது. அறிக்கை மோசமாக வந்ததும் அது கூடுதல் வேலையாகிவிடுகிறது. அதற்குள் உரிமைகள் கைமாறிவிட்டன, வேறு பில்டரிடம் போக முடியாது, பேரம் பேசும் பலம் முழுவதும் எதிர்த்தரப்பிடம் இருக்கிறது. வரிசையை மட்டும் மாற்றினால் போதும்: முதலில் சோதனை, பிறகு எலும்புக்கூட்டை வைத்துக்கொள்வதா இடிப்பதா என்ற வாக்கெடுப்பு, அதன் பிறகே பில்டர்களிடம் விலைப்புள்ளி.

சோதனைச் செலவைப் பில்டரே ஏற்கட்டும் என்று விடுவது

யார் பணம் கொடுக்கிறாரோ அவருக்குத்தான் அறிக்கை போகும். சங்கமே செலவழிக்க வேண்டும்.

பழைய அனுமதி செல்லும் என்று எடுத்துக்கொள்வது

ஸ்பெயினின் அல்மேரியா கடற்கரையில் அல்கரோபிகோ என்ற 411 அறை ஹோட்டல் ஏறக்குறைய முடிந்த நிலையில் 2006-இல் நீதிமன்றத்தால் நிறுத்தப்பட்டது. உள்ளூர் நிர்வாகம் அனுமதி கொடுத்திருந்தது. ஆனால் இடம் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்காவிலும் கடலோர எல்லைக்குள்ளும் இருந்தது. அதன் பிறகு அந்தக் கட்டடம் வழக்குகளோடு ஆண்டுக்கணக்கில் காலியாகவே நின்றது. கேரளத்தின் மரடில் நான்கு அடுக்குமாடி வளாகங்கள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளை மீறியதாக உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்து, 2020 ஜனவரியில் அவை தகர்க்கப்பட்டன. அங்கும் உள்ளாட்சி அனுமதி இருந்தது. மக்கள் குடியேறியும் இருந்தார்கள். ஓதக் கோட்டிலிருந்து (கடல்நீர் உயர்ந்து எட்டும் எல்லை) உங்கள் மனையின் தூரம், இன்று நடப்பிலுள்ள விதியின்படி என்ன என்பதைப் புதிதாக அளந்து வாங்குங்கள். கரை அரிக்கும் இடங்களில் அந்தக் கோடே நகர்ந்திருக்கும். இடித்துக் கட்டினால் பழைய உயரமும் பழைய பரப்பும் திரும்பக் கிடைக்குமா என்ற கேள்விக்கும் எழுத்துவழிப் பதில் வேண்டும். சில இடங்களில் எலும்புக்கூட்டை வைத்துக்கொள்ளப் பில்டர் ஆசைப்படுவதற்கு உண்மையான காரணம், இடித்தால் அவை திரும்பக் கிடைக்காது என்பதாகத்தான் இருக்கும்.

சதுர அடியை வரையறுக்காமல் விவாதிப்பது

சுவருக்கு உள்ளே அளந்ததா, பொதுப்பகுதி சேர்ந்ததா என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

முழு ஒற்றுமை வரும் வரை காத்திருப்பது

அமெரிக்காவின் சர்ப்சைடில், கடற்கரையை ஒட்டி 1981-இல் கட்டப்பட்ட 12 மாடிக் குடியிருப்பில், நீச்சல்குளத் தளத்தின் நீர்க்காப்பு பழுதடைந்து கீழுள்ள கான்கிரீட்டைச் சேதப்படுத்துவதாக 2018-இலேயே பொறியாளர் எழுதிக் கொடுத்தார். செலவைப் பற்றிய விவாதம் சங்கத்தில் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2021 ஜூன் 24 அன்று அதிகாலையில் அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து 98 பேர் இறந்தார்கள். பாதியில் நின்ற கட்டடத்தில் யாரும் வசிப்பதில்லை என்று சிலர் அமைதி அடைகிறார்கள். காவலாளி குடும்பத்தோடு அங்கேதான் தங்கியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உள்ளே விளையாடுகிறார்கள். விவாதம் எவ்வளவு காலமும் நடக்கட்டும், ஆனால் வேலி, திறந்த விளிம்புகளுக்குத் தடுப்பு, தொங்கும் கான்கிரீட்டை உதிர்த்துவிடுவது, மேல்தளத்தில் நீர் வடிய வழி ஆகிய நான்குக்கும் முதல் கூட்டத்திலேயே பணம் ஒதுக்குங்கள்.

அடித்தளத் தண்ணீரை அவசரமாக இறைப்பது

இதைப் பொறியாளர்களே செய்கிறார்கள். அடித்தள வண்டி நிறுத்தத்தில் ஆண்டுக்கணக்காகத் தேங்கிய நீரை, ஆய்வுக்கு வருபவர்கள் பார்க்கட்டும் என்று பம்பு வைத்து ஓரிரு நாளில் வெளியேற்றிவிடுவார்கள். கடற்கரையில் நிலத்தடி நீர் மட்டம் உயரத்திலேயே இருக்கும். அது அடித்தளத் தரையைக் கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டிருக்கும். முடிந்த கட்டடத்தின் எடை அந்தத் தள்ளுதலை அடக்கிவைக்கும் என்ற கணக்கில் வரையப்பட்டது அந்தத் தரை. பாதிக் கட்டடத்துக்கு அந்த எடை இல்லை. உள்ளே தேங்கியிருந்த தண்ணீர்தான் ஈடுகொடுத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டால் தரை மேலெழும்பி விரிசல் விடும், சில வேளைகளில் தூண்களின் அடிப்பகுதியே பெயரும். முதலில் வெளியே ஆழ்துளையிட்டு நிலத்தடி நீர் மட்டத்தை அளந்து, மேல்தள்ளும் விசையைக் கணக்கிட்டு, வெளி மட்டத்தையும் சேர்த்துக் குறைத்துக்கொண்டே, உள்ளே சிறிது சிறிதாக இறைக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு பொறியாளர் கையெழுத்திடும் வரை பம்பின் மின் இணைப்பைத் துண்டித்து வையுங்கள்.