ஈராக் போரைப் பற்றி வாதம் செய்யும்போது எல்லாரும் சறுக்கும் இடங்கள்

ஈராக் போர் என்று பேச்செடுத்தாலே ஒருவர் "எல்லாம் எண்ணெய்க்காகத்தான்" என்பார், இன்னொருவர் "அப்போ சதாம் நல்லவரா?" என்று கேட்பார், பேச்சு அங்கேயே முட்டி நின்றுவிடும். நானும் இப்படி மணிக்கணக்கில் கத்தியிருக்கிறேன்.

பெரிய தவறு, படையெடுத்தது சரியா என்ற கேள்வியையும் அதன் பிறகு நாட்டை நடத்திய லட்சணத்தையும் ஒரே மூட்டையில் கட்டுவது. ஈராக் அதிபர் சதாம் உசேனிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று சொல்லி அமெரிக்கா 2003 மார்ச் 20இல் போரைத் தொடங்கியது, ஏப்ரல் 9இல் பாக்தாத் விழுந்தது, மூன்றே வாரம். அப்புறம்தான் கூத்து. மே மாதம் அமெரிக்க நிர்வாகியாக வந்து இறங்கிய பால் பிரெமர், சதாமின் பாத் கட்சியின் மேல்மட்டத்தாருக்கு அரசு வேலை கிடையாது என்று முதல் ஆணை போட்டார். அடுத்த ஆணையில் ராணுவத்தையே கலைத்தார். கட்சியில் இல்லாமல் மேலே வருவதே கஷ்டம் என்றிருந்த நாட்டில் ஆசிரியர்களும் மருத்துவர்களும்கூட வேலையை இழந்தார்கள், லட்சக்கணக்கான சிப்பாய்கள் ஆயுதப் பழக்கத்தோடும் ஆத்திரத்தோடும் வீட்டுக்குப் போனார்கள். பலர் பிறகு கிளர்ச்சிக் குழுக்களில் சேர்ந்தார்கள்.

இதைக் காட்டி "ஒழுங்காகத் திட்டமிட்டிருந்தால் போர் சரிதான்" என்று சொல்பவர்கள் உண்டு. பின்னால் நன்றாக நடத்தியிருந்தாலும் தொடக்கத்தில் சொன்ன காரணம் உண்மையாகிவிடாதே! எதிர்த்தரப்பும் இதே குழியில்தான் விழுகிறது: பின்னால் ரத்தம் ஓடியது, ஆகவே முதல் முடிவு தவறு என்பது வாதமாகாது. முதல் முடிவை அன்றைக்குக் கையில் இருந்த தகவலை வைத்து எடைபோடுங்கள், எதிர்ப்பதற்கு அதுவே போதும். 2003 பிப்ரவரி 5இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கொலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் சொன்ன நடமாடும் கிருமி ஆயுதக் கூடங்கள், பெரும்பாலும் 'கர்வ்பால்' என்ற புனைபெயர் கொண்ட ஒரே ஈராக்கியர் ஜெர்மன் உளவுத்துறையிடம் சொன்ன கதையை நம்பி நின்றவை. ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையிலான ஐ.நா. ஆயுத ஆய்வாளர்கள் அப்போது ஈராக்குக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தார்கள், அவர் இன்னும் சில மாதங்கள் வேண்டும் என்றார், கொடுக்கவில்லை.

"அமெரிக்க அதிபர் புஷ் தெரிந்தே எல்லாவற்றையும் பொய் சொன்னார்" என்று தொடங்காதீர்கள், நிரூபிக்க முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். ஆயுதம் இருக்கும் என்று பல நாட்டு உளவுத்துறைகள் உண்மையாகவே நம்பின. சந்தேகங்களை மறைத்து, ஊகத்தை உறுதியாகச் சொன்னார்கள் என்று சொல்லுங்கள், அதற்கு ஆவணம் இருக்கிறது. போருக்குப் பிறகு ஆயுதங்களைத் தேடிய குழு 2004இல் வெளியிட்ட டுயல்ஃபர் அறிக்கையையும் ஆளுக்குப் பாதியாகத்தான் படிக்கிறார்கள்: ஆயுதக் கையிருப்பு இல்லை என்பது ஒரு பாதி, தடைகள் நீங்கினால் மறுபடி தொடங்க சதாம் விரும்பினார் என்பது மறுபாதி.

காரணம் மாறிக்கொண்டே போவதையும் கவனியுங்கள். ஆயுதம் கிடைக்காததும் ஜனநாயகமும் மனித உரிமையும் முன்வரிசைக்கு வந்தன. ஈராக்கின் ஹலப்ஜா நகரில் சதாம் அரசு சுமார் 5,000 குர்து மக்களை விஷவாயுவால் கொன்றது மறுக்க முடியாத கொடூரம்தான். ஆனால் அது நடந்தது 1988இல், ஈரானுடனான போரில் அமெரிக்கா ஈராக்குக்குச் சாய்வாக இருந்த காலத்தில்.

"இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் அமெரிக்காவால் ஜனநாயகத்தைக் கொண்டுவர முடிந்ததே" என்பது எனக்கு எரிச்சலூட்டும் வாதம். ஜப்பானில் பேரரசரை விட்டுவைத்து, இருந்த அதிகாரிகளை வைத்தே ஆட்சி நடத்தினார்கள். பாக்தாதில் செய்தது நேர் எதிர்.

சாவு எண்ணிக்கையை எடுத்தால் எதை எண்ணியது என்று பாருங்கள். ஈராக் பாடி கவுன்ட் என்ற அமைப்பு பதிவான பொதுமக்கள் சாவுகளை எண்ணுகிறது. 2006இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சுமார் 6,55,000 என்பது வீடு வீடாகக் கேட்டுக் கணித்த மிகைச்சாவு மதிப்பீடு, அதாவது போர் இல்லாவிட்டால் நடந்திருக்கக்கூடியதைவிடக் கூடுதலான சாவுகள். இரண்டையும் மோதவிட்டு ஒன்றைப் பொய் என்பது வெட்டி வேலை.

இந்தியா வேடிக்கைதான் பார்த்தது என்பதும் சரியில்லை. படை அனுப்பச் சொல்லி அமெரிக்கா கேட்டது, ஐ.நா. ஆணை இல்லாமல் முடியாது என்று வாஜ்பாய் அரசு 2003 ஜூலையில் மறுத்துவிட்டது.

கடைசியாக, "புஷ்ஷுக்குப் பின் அதிபரான ஒபாமா ஈராக்கிலிருந்து படையை எடுத்ததால்தான் ஐஎஸ் என்ற இஸ்லாமிய அரசு தீவிரவாத அமைப்பு வந்தது" என்பது. 2011 இறுதிக்குள் வெளியேறும் ஒப்பந்தத்தை 2008இல் செய்துகொண்டதே புஷ் அரசுதான். நீட்டிக்க ஒபாமா இன்னும் முயன்றிருக்கலாமா என்று தாராளமாகக் கேளுங்கள். ஆனால் 2014இல் மோசுல் நகரத்தை ஐஎஸிடம் பறிகொடுத்த கதையில், ஈராக் பிரதமர் மாலிகி சன்னி மக்களை ஓரங்கட்டியதையும் அந்த ஐஎஸ் தளபதிகளில் பலர் பிரெமர் கலைத்த அதே ராணுவத்தின் பழைய அதிகாரிகள் என்பதையும் விட்டுவிட்டுக் கேட்காதீர்கள்.