பழைய மியாட்டாவில் புஷ் மாற்றி கேம்பர் வைப்பது

மாஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது மியாட்டா, 1989-ல் வந்த முதல் தலைமுறையோ 1998-க்குப் பிறகு வந்த இரண்டாவதோ, எது உங்களிடம் இருந்தாலும் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம்களின் மூட்டில் கம்பெனி போட்ட ரப்பர் உருளை, அதாவது புஷ், இன்னும் உள்ளே இருந்தால் அதன் ஆயுள் எப்போதோ முடிந்துவிட்டது. பிரேக் பிடித்தால் 'டொக்' என்று ஒரு சத்தம், வளைவில் பின்பக்கம் ஒரு கணம் தாமதித்துத் திரும்புவது, டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்வது, இதெல்லாம் அதன் அறிகுறிகள். ஆர்முக்கும் அது மாட்டியிருக்கும் சட்டமான சப்ஃப்ரேமுக்கும் இடையே ஒரு கடப்பாரையைக் கொடுத்து லேசாக நெம்பிப் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தாலோ, புஷ்ஷின் நடுவில் இருக்கும் உலோகக் குழாய் தனியாக நகர்ந்தாலோ, சந்தேகமே வேண்டாம். இந்த நிலையில் சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடைக்குப் போய்க் காசு கொடுப்பது வீண், ஏனென்றால் அங்கே அவர்கள் வைத்த கோணம் நீங்கள் முதல் பிரேக் பிடிக்கும்போதே மாறிவிடும்.

முதலில் எந்தப் பொருள் என்று முடிவு செய்யுங்கள். தினமும் ஓட்டும் காருக்குப் புது ரப்பர் போதும், பராமரிப்பே இல்லை. பாலியூரித்தேன் கெட்டியாக இருக்கும், ஸ்டீயரிங் துல்லியமாகும், கையால் தள்ளியே மாட்டிவிடலாம், ஆனால் சிலிக்கான் க்ரீஸ் தாராளமாகத் தடவாவிட்டால் கொஞ்ச நாளில் கிறீச்சிட ஆரம்பிக்கும். ரோடு காரில் உலோக பேரிங் வகைகள் தேவையில்லை என்பது என் கருத்து, ட்ராக்கில் கிடைக்கும் சுகத்தை விட ரோட்டில் படும் அவஸ்தை அதிகம்.

காரைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நாலு சக்கரத்திலும் ஹப்பின் நடுவிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். அப்புறம் லோயர் ஆர்மின் உள்முனையில் இருக்கும் கேம் போல்ட்டை (திருப்பினால் ஆர்மை உள்ளேயும் வெளியேயும் நகர்த்தும் போல்ட்) பாருங்கள், அதன் தலையிலும் வாஷரிலும் கோடுகள் போட்டிருக்கும், எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பெயிண்டால் குறித்துவிட்டு ஒரு போட்டோவும் எடுங்கள். திரும்ப மாட்டும்போது கார் ஓரளவு நேராக ஓட இது போதும்.

இனி கார் ஸ்டாண்டில், ஜாக்கை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. சக்கரம், ஸ்டெபிலைசர் பார் லிங்க், ஷாக்கின் கீழ் போல்ட், இவற்றைக் கழற்றுங்கள். காலிப்பரைக் கம்பி கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஓஸில் தொங்க விடாதீர்கள். ஷாக்கைக் காரிலிருந்து எடுப்பதாக இருந்தால் மேலே சுற்றியிருக்கும் மவுன்ட் நட்டுகளை மட்டும் கழற்றி முழுசாக எடுங்கள், நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொட்டால் அழுத்தத்தில் இருக்கும் ஸ்ப்ரிங் பாய்ந்து வரும். ஆர்மின் வெளிமுனையில் இருக்கும் குண்டு மூட்டான பால் ஜாயின்ட்டைப் பிரிக்க புல்லர் பயன்படுத்துங்கள், ஃபோர்க் வைத்து அடித்தால் ரப்பர் உறை கிழிந்துவிடும்.

இந்த வேலையின் முக்கால்வாசிப் பாடு கேம் போல்ட்டில்தான். இங்கிலாந்து, கனடா மாதிரி குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு தூவும் ஊர்க் கார் என்றால், போல்ட் புஷ்ஷின் நடுக்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகியிருக்கும். நட் கழன்றுவிடும், ஆனால் போல்ட் சுற்றும்போது ரப்பரும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும், வெளியே வராது. சில நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள், நட்டைப் பாதி விட்டு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் மின்ரம்பத்தால் புஷ்ஷின் இரண்டு பக்கமும் அறுத்து எடுப்பதுதான் வழி. புது கேம் போல்ட், வாஷர், நட் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் அறுக்க மனசு தயங்காது. பின்சக்கர நக்கிளின் (ஹப்பைத் தாங்கும் உலோகத் துண்டு) அடியில் போகும் நீள போல்ட்டும் இதே ரகம், அதற்கும் சேர்த்தே ஆர்டர் போடுங்கள்.

ஆர்ம் கைக்கு வந்தபின் வேலை சுலபம். ரப்பரில் வரிசையாக ட்ரில் போட்டால் நடுக்குழாய் கழன்றுவிடும், மிச்சத்தைக் கத்தியால் சுரண்டுங்கள். கொளுத்தி எடுக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு, அந்தப் புகை நச்சு, நாற்றமும் சகிக்காது, வேண்டாம். சுற்றி உலோக ஓடு ஏதாவது இருந்தால் அதை எடுக்க வேண்டுமா விட வேண்டுமா என்று கிட்டோடு வந்த தாளைப் படித்துவிட்டுத் தொடுங்கள், சில கிட்டுக்கு அது உள்ளேயே இருக்க வேண்டும். ஓட்டையைச் சுத்தம் செய்து, புது ரப்பர் என்றால் சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு நீள த்ரெட் ராடு, தடித்த வாஷர்கள், சரியான அளவு சாக்கெட் வைத்து இழுத்து ஏற்றலாம், பெரிய வைஸ் இருந்தால் அதுவும் போதும். சாதா க்ரீஸ் ரப்பருக்கு ஆகாது. கேம் போல்ட்டுக்குத் துருப்பிடித்து ஒட்டாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசை நிறையத் தடவுங்கள், அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

ரப்பர் புஷ் போட்டவர்கள் இதை மறக்கவே கூடாது: சக்கரம் தொங்கும் நிலையில் எந்த ஆர்ம் போல்ட்டையும் இறுக்காதீர்கள். ரப்பர் நடுக்குழாயோடு ஒட்டியிருப்பது, போல்ட்டை இறுக்கியதும் அந்தக் குழாய் பூட்டிக்கொள்ளும், ஆர்ம் அசையும்போதெல்லாம் ரப்பர்தான் முறுகும். தொங்கும்போது இறுக்கினால் கார் தரையில் நிற்கும்போதே ரப்பர் முழுசாக முறுகி நிற்கும், கார் உயரம் தப்பாகும், புஷ் சீக்கிரமே கிழியும். நக்கிளுக்கு அடியில் ஜாக் கொடுத்து, முதலில் எழுதி வைத்த ஹப்-ஃபெண்டர் அளவு வரும்வரை ஏற்றி, அப்புறம் ஒர்க்‌ஷாப் மானுவலில் சொன்ன டார்க்கில் (இறுக்க அளவு) இறுக்குங்கள். கேம் போல்ட்டுகளை மட்டும் அலைன்மென்ட் முடியும்வரை பாதி இறுக்கத்தில் விடுங்கள். பாலி புஷ் குழாயைச் சுற்றித் தானே சுழலும், அதற்கு இந்தக் கவலை இல்லை.

இப்போது கேம்பர், அதாவது முன்னால் நின்று பார்த்தால் தெரியும் சக்கரத்தின் சாய்வு; மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ். கார் சமதளத்தில் நிற்க வேண்டும், டயருக்கு அடியில் இரண்டு வழுவழுப்பான தகடுகள், நடுவில் க்ரீஸ், அப்போதுதான் திருத்தும்போது சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் நகரும். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுபவர் எடையில் ஏதாவது ஒன்றை சீட்டில் வையுங்கள். டிஜிட்டல் ஆங்கிள் கேஜை முதலில் தரையில் பூஜ்யம் செய்துவிட்டு, ரிம்மின் மேல் கீழ் உதடுகளில் படும்படி ஒரு நேர்சட்டம் வைத்து அதன்மேல் ஒட்டுங்கள். கேஜ் இல்லையென்றால் தூக்குக்குண்டு நூல் போதும், 14 இன்ச் ரிம்மில் உதட்டுக்கு உதடு சுமார் 38 செ.மீ., அதில் 1 டிகிரி என்பது மேலுக்கும் கீழுக்கும் 6.6 மி.மீ. வித்தியாசம்.

பின்பக்கத்தை முதலில் முடியுங்கள். ஒரு ஆர்மின் இரண்டு கேமையும் சேர்த்து வெளியே தள்ளினால் சக்கரத்தின் அடி வெளியே போகும், நெகட்டிவ் கேம்பர் கூடும். முன்சக்கரத்தில் முன் கேமை உள்ளேயும் பின் கேமை வெளியேயும் திருப்பினால் கேஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) கூடும், பின்சக்கரத்தில் அதே திருப்பம் டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருப்பது) கூட்டும். ரோட்டில் ஓட்ட கேம்பர் முன்னால் மைனஸ் 1 டிகிரி, பின்னால் மைனஸ் 1.5 டிகிரி, கேஸ்டர் ஐந்து டிகிரியை ஒட்டி, டோ முன்னாலும் பின்னாலும் மொத்தம் 1.5 மி.மீ. உள்ளே, இதிலிருந்து ஆரம்பியுங்கள். கேஸ்டரும் கேம்பரும் ஒரே கேமில் இருப்பதால் ஒன்றை மாற்றினால் இன்னொன்று நகரும், கொஞ்சம் பொறுமை வேண்டும், இரண்டும் ஒருசேர எட்டாவிட்டால் இடது வலது சமமாக இருப்பதைப் பாருங்கள். நாலு பக்கமும் மேலும் கீழும் ஆர்ம் உள்ள டபுள் விஷ்போன் என்பதால் சஸ்பென்ஷன் அமுங்கும்போது தானாகவே நெகட்டிவ் கூடும், ஸ்ட்ரட் கார்க்காரர்கள் (மேல் ஆர்ம் இல்லாத வகை) சொல்லும் மைனஸ் 3 எல்லாம் இங்கே ரோட்டுக்கு வேண்டாம்.

டோ எப்போதும் கடைசி, கேம்பரைத் தொட்டால் அது கட்டாயம் மாறும், டயரை வேகமாகத் தின்பதும் கேம்பரை விட டோதான். இரண்டு பக்கமும் நூல் கட்டி அளக்கலாம், ஆனால் பின்சக்கரங்களின் இடைவெளி முன்னதை விடக் கொஞ்சம் அகலம், அதனால் நூலை டயரில் ஒட்டி இழுக்காமல் ஹப் நடுவிலிருந்து அளந்து காருக்கு இணையாகக் கட்டுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு காரை முன்னும் பின்னும் உருட்டி, பானெட்டை அமுக்கி விட்டு, மறுபடி அளங்கள். கேம் நட்டை முழு டார்க்கில் இறுக்கும்போது கேம் லேசாகத் திரும்பப் பார்க்கும், போல்ட் தலையை ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள், இறுக்கியபின் இன்னொரு முறை அளங்கள். ஒரு நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளின் டார்க்கையும் பெயிண்ட் குறிகளையும் சரிபாருங்கள், கேம் நகர்ந்திருந்தால் அங்கேயே தெரியும்.